டிரம்பெட் மவுத்பீஸ்: எந்த அளவு, எப்போது, எப்படி மாற்றுவது

பேண்ட் செட்டில் புதிதாகச் சேர்கிறவருக்கு டிரம்பெட் பெரும்பாலும் குழுவின் சொத்தாகவே கைக்கு வருகிறது. கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நம் தமிழ் ஊர்களில் இதுதான் வழக்கம். டிரம்பெட்டைப் பிறகு பணம் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். மவுத்பீஸை மட்டும் முதல் மாதத்திலேயே சொந்தமாக வாங்கிவிடுங்கள். ஒரே மவுத்பீஸில் நாலு பேர் ஊதினால் ஒருவருக்கு வந்த சளியும் உதட்டுக் கொப்புளமும் நாலு பேருக்கும் வரும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உதடு ஒரே விளிம்பில் நாள்தோறும் அமர்ந்து பழகினால்தான் ஒலி நிலைக்கும்.

இந்தக் கட்டுரை இரண்டு வகையினருக்காக எழுதப்பட்டது. முதல் மவுத்பீஸ் வாங்கப் போகிறவர் ஒருவர். ஓராண்டு ஊதிவிட்டு, இப்போது இருப்பதை மாற்றலாமா என்று யோசிக்கிறவர் மற்றவர்.

அதிர்வது உங்கள் உதடு

நாதஸ்வரக் கலைஞர்கள் சீவாளிகள் பலவற்றைக் கயிற்றில் கோத்து வாத்தியத்தோடு தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று சரியாகப் பேசவில்லை என்றால் அடுத்ததைச் செருகி வாசிப்பைத் தொடர்வார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு மவுத்பீஸையும் அப்படியே மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அங்கே அதிர்வது சீவாளி. அதை மாற்றினால் அதிரும் பொருளே மாறிவிடுகிறது. டிரம்பெட்டில் அதிர்வது உங்கள் உதடு. அந்த உதட்டின் எவ்வளவு பகுதி அதிர வேண்டும், எங்கே அழுந்த வேண்டும் என்பதை மட்டுமே மவுத்பீஸ் தீர்மானிக்கிறது. புதியதைச் செருகியதும் உதட்டுத் தசை மாறிவிடாது. அது பழக வாரங்கள் ஆகும்.

மவுத்பீஸ் பற்றி நான் சொல்லும் எல்லாமே இந்த ஒரு செய்தியிலிருந்து பிறப்பவைதான். எந்தக் குறையைத் தீர்க்க மாற்றுகிறோம் என்று தெரிந்த பிறகே மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பின் உதட்டுக்கு நேரம் தர வேண்டும்.

கையில் எடுத்துப் பாருங்கள்

உதடு படும் வட்டம் விளிம்பு. கடையில் ரிம் என்பார்கள். அதன் உள்விட்டம்தான் நாம் 'அளவு' என்று சொல்வது. விட்டம் பெரிதானால் உதட்டின் அதிக பகுதி உள்ளே போகிறது. ஒலி பருமனாகிறது, ஆனால் அதைத் தாங்க வலுவான தசை வேண்டும். விளிம்பு அகலமாக இருந்தால் அழுத்தம் பரவுகிறது, நீண்ட நேரம் ஊதலாம். சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவும் இலகு சற்றுக் குறையும். விளிம்பின் உள்முனை கூர்மையாக இருந்தால் சுரத்தின் தொடக்கம் தெளிவாக வரும், உதடு சீக்கிரம் வலிக்கும்.

உள்ளே இருக்கும் குழிவு கிண்ணம். ஆழமான கிண்ணம் இருண்ட, உருண்டையான ஒலியைத் தரும். ஆழமில்லாதது பளிச்சென்று வெட்டும் ஒலியைத் தரும், மேல் சுரங்களில் சுருதியைச் சற்றுத் தூக்கும். மிகவும் ஆழம் குறைந்தால், களைத்து வீங்கிய உதடு கிண்ணத்தின் அடியைத் தொட்டு ஒலி அப்படியே அறுந்துபோகும். பவனியின் மூன்றாம் மணி நேரத்தில் சிலருக்குத் திடீரென்று ஒலி நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

கிண்ணத்தின் அடியில் துளை, அதற்குப் பின்னே விரிந்து செல்லும் பின்குழல், வெளியே வாத்தியத்துக்குள் செருகும் தண்டு. பாக் என்ற கம்பெனியின் மவுத்பீஸ்களில் துளையின் வழக்கமான விட்டம் 3.66 மி.மீ. கோவையில் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருப்பதால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சத்தம் கூடுமே என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். குடைந்த உலோகத்தைத் திரும்ப நிரப்ப முடியாது. துளை அகலமானால் காற்றும் அதிகம் செலவாகும். புதியவருக்கு அந்தக் காற்று இருக்காது.

எண்ணையும் எழுத்தையும் படிப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

வின்சென்ட் பாக் 1918-இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்யத் தொடங்கியவர். அவருடைய எண் முறையைத்தான் உலகம் இன்றும் அளவுகோலாக வைத்துப் பேசுகிறது. அதில் எண் சிறிதாகச் சிறிதாக விட்டம் பெரிதாகும். 7சி-யைவிட 3சி பெரியது, 3சி-யைவிட 1½சி பெரியது. எழுத்து கிண்ணத்தின் ஆழத்தைச் சொல்கிறது. ஏ மிக ஆழம். சி நடுத்தரம். டி, இ என்று போகப்போக ஆழம் குறையும். எழுத்தே இல்லாவிட்டால் சி-யைவிட ஆழம் என்று பொருள்.

யமஹா முறையில் இரண்டுமே தலைகீழ். எண் பெரிதானால் விட்டம் பெரிது: 11-ஐவிட 14 பெரியது, 14-ஐவிட 16 பெரியது. எழுத்தில் ஏ ஆழம் குறைந்தது, இ ஆழமானது. எழுத்துக்குப் பின் வரும் எண் விளிம்பின் வளைவு. அதிகம் கண்ணில் படுவது 4. ஷில்கி கம்பெனியின் மவுத்பீஸ்களும் இதே முறைதான். டெனிஸ் விக் கம்பெனியின் எண்களோ பாக் பக்கம் நிற்கும்: சிறிய எண், பெரிய விட்டம்.

ஆகவே "ஏ கிண்ணம் நல்லது" என்று ஒருவர் சொன்னால் எந்தக் கம்பெனியின் ஏ என்று கேளுங்கள். பாக்கில் அது மிக ஆழமான கிண்ணம், ஷில்கியில் மிக ஆழமற்ற கிண்ணம். இதைக் கேட்காமல் வாங்கினால் நினைத்ததற்கு நேர் எதிரானது வீட்டுக்கு வரும்.

மி.மீ. கணக்கையும் பாருங்கள். பாக் பட்டியல்படி 10½சி 15.90, 7சி 16.20, 5சி 16.25, 3சி 16.30, 1½சி 17.00. ஏழிலிருந்து மூன்றுக்குப் போனால் பெரிய தாவல் என்று எண் நினைக்க வைக்கிறது. உண்மையில் விட்டத்தில் பத்தில் ஒரு மி.மீ.தான் கூடுகிறது. மூன்றிலிருந்து ஒன்றரைக்குப் போவது அதைப் போல் ஏழு மடங்கு. ஊதும்போது 7சி-க்கும் 3சி-க்கும் நல்ல வேறுபாடு தெரிகிறதே என்றால், விளிம்பின் வடிவமும் கிண்ணமும் மாறுவதுதான் அதற்குக் காரணம்.

ஒரு கம்பெனியின் மி.மீ.-ஐ மற்றொன்றோடு நேராக ஒப்பிடவும் கூடாது. யமஹா 11பி4-இன் உள்விட்டம் 16.46 மி.மீ. என்று போட்டிருக்கும். எண்ணைப் பார்த்தால் பாக் 3சி-யைவிடப் பெரியது. ஆனால் அது பாக் 7சி-க்கு இணையாகக் கருதப்படுகிறது. விளிம்பின் உள்முனை வளைவாக இருப்பதால், எவ்வளவு கீழே இறங்கி அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறிவிடுகிறது. 3சி-க்கு இணை 14பி4 (16.88 மி.மீ.). ஒரே கம்பெனிக்குள் ஒப்பிடும்போது மட்டுமே மி.மீ. கணக்கை நம்புங்கள்.

முதல் மவுத்பீஸ்

தொடக்கக்காரருக்கு பாக் 7சி அல்லது யமஹா 11பி4 போதும். யமஹாவின் மாணவர் டிரம்பெட்டுகளோடு 11பி4-தான் பெட்டியில் வருகிறது. பெரியவராக இருந்து, உதடு சற்றுத் தடித்ததாக இருந்தால் 5சி அல்லது 3சி-யில் தொடங்குவதிலும் தவறில்லை. தடித்த உதட்டுக்குப் பெரிய மவுத்பீஸ்தான் வேண்டும் என்று விதி ஏதும் கிடையாது. பார்க்க வேண்டியது விளிம்பு எங்கே அமர்கிறது என்பதை. மேல் உதட்டின் சிவந்த மென்பகுதியிலேயே விளிம்பு முழுதும் அழுந்தினால் அந்த அளவு சிறிதாக இருக்கலாம். கண்ணாடி முன் நின்று ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகள் அகலமான, வளைந்த விளிம்பைத் தேர்ந்தெடுக்கட்டும். பல் மருத்துவரிடம் கம்பிக்கு மேல் வைக்கும் மெழுகையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எண் ஏதும் பொறிக்காத மவுத்பீஸ் உங்களிடம் இருக்கலாம். நம் குழுக்களில் புழங்கும் வாத்தியங்களில் பல மீரட்டின் ஜாலி கோட்டிப் பகுதியில் செய்தவை; அவற்றோடு வரும் மவுத்பீஸில் எண் இல்லாவிட்டால் என்ன அளவு என்று சொல்ல வழியில்லை. அதில் ஊதி நன்றாக இருந்தாலும், அது தொலைந்தால் அதே போன்றது கிடைக்காது. தெரிந்த எண் உள்ள ஒன்றில் பழகுவது நல்லது.

பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளிப் பூச்சு உரிந்து பித்தளை தெரிகிற மவுத்பீஸை வாயில் வைக்காதீர்கள். வெள்ளி பட்டு உதடு அரித்தால் தங்கப் பூச்சு உள்ளது கிடைக்கிறது. பிளாஸ்டிக் மவுத்பீஸ் ஏப்ரல் வெயிலில் சுடாது. ஒலி சற்று மங்கல்.

தண்டு பொருந்துகிறதா

கார்னெட் என்பது டிரம்பெட்டைப் போன்ற, சற்றுக் குட்டையான வாத்தியம். அதன் மவுத்பீஸின் தண்டு டிரம்பெட்டினதைவிட மெல்லியது, குட்டையானது. டிரம்பெட்டில் செருகினால் மிக உள்ளே போய்த் தளர்ந்து நிற்கும். டிரம்பெட்டினது கார்னெட்டில் நுழையாது. பழைய பெட்டிகளில் இரண்டும் கலந்து கிடக்கும். பொருந்தாத தண்டுக்குக் காகிதம் சுற்றிச் செருகும் பழக்கம் பல குழுக்களில் உண்டு. அப்படிச் செய்தால் காற்றுக் கசியும், சுரங்களுக்கிடையே சுருதி ஒவ்வொரு விதமாக விலகும். 'நம் டிரம்பெட்டில் மேல் ஜி சுரம் எப்போதும் கெட்டுப்போகிறது' என்று வாத்தியத்தைக் குறை சொல்லும் முன் தண்டைப் பாருங்கள். மவுத்பீஸைச் செருகி, லேசாகத் திருகி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் துளியும் அசையக் கூடாது.

மாற்றத்தான் வேண்டுமா?

"மாஸ்டர், மேல் சி வரவில்லை. சின்ன மவுத்பீஸ் வாங்கட்டுமா?"

"நடு ஜி-யை முப்பது எண்ணும் வரை ஆடாமல் பிடித்துக் காட்டு தம்பி. பிறகு பேசலாம்."

இந்த உரையாடல் எந்தக் குழுவிலும் நடக்கக் கூடியது. மாஸ்டர் சொல்வது முற்றிலும் சரி. மேல் சுரம் காற்றின் வேகத்தாலும் உதட்டின் கட்டுப்பாட்டாலும் வருகிறது. ஆழமற்ற மவுத்பீஸ், ஏற்கெனவே இருக்கும் மேல் சுரத்தைப் பளிச்சென்று ஆக்கும். இல்லாத சுரத்தை உண்டாக்காது. முதல் ஆண்டில் மூன்று பாட்டுக்குள் களைத்துப்போவதும், மேலே எட்டாமல் நிற்பதும் எல்லோருக்கும் நேர்வது. அவற்றுக்காக மாற்ற வேண்டாம். திருச்சூர்ப் பக்கத்துக் குழுவில் ஒருவர் 1½சி வைத்திருக்கிறார் என்பதும் ஒரு காரணமாகாது.

மாற்ற நியாயமான காரணங்கள் வேறு. உதடு கிண்ணத்தின் அடியைத் தொடுகிறது. விளிம்பு மென்பகுதியில் அமர்ந்து ஒவ்வொரு முறையும் வெட்டுகிறது. விளிம்பில் கீறலோ நசுக்கலோ விழுந்திருக்கிறது. அல்லது ஓராண்டுக்கு மேல் ஒழுங்காகப் பயிற்சி செய்து தசை வலுத்தபின், ஒலி இன்னும் ஒல்லியாகவே இருக்கிறது என்று உங்கள் மாஸ்டரும் சொல்கிறார். இந்தக் கடைசிக் காரணத்துக்காக 7சி-யிலிருந்து 5சி-க்கோ 3சி-க்கோ போகலாம். நேராக 1½சி-க்குத் தாவாதீர்கள். தெருவில் நின்று மணிக்கணக்கில் ஊதும் பேண்ட்காரருக்கு 3சி வாழ்நாள் முழுதும் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஒலி இன்னும் பளிச்சென்று வேண்டும் என்பவர் விட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு கிண்ணத்தை மட்டும் ஆழம் குறைத்துப் பார்க்கட்டும்.

கடையில் சோதிப்பது

கோவைக்கோ திருச்சூருக்கோ போகும்போது உங்கள் டிரம்பெட்டையும் பழைய மவுத்பீஸையும் எடுத்துப் போங்கள். கைபேசியில் டியூனர் செயலி இருக்கட்டும். பழையதில் பத்து நிமிடம் ஊதி உதட்டைச் சூடேற்றுங்கள். பிறகு புதியதைத் துடைத்து வாங்கி, முதலில் நடு ஜி-யை மெதுவாக நீட்டிப் பிடியுங்கள். மென்மையாக ஊதும்போது சுரம் உடனே பிறக்கிறதா, காற்று மட்டும் சீறுகிறதா? பிறகு கீழ் சி-யிலிருந்து ஜி, மேல் சி என்று நாக்கு படாமல் வழுக்கி ஏறி இறங்குங்கள். டியூனரில் ஒவ்வொரு சுரமும் பழையதைவிட விலகுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, ஒரு நண்பரைப் பத்தடி தள்ளி நிறுத்திக் கைபேசியில் இரண்டையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். டிரம்பெட்டின் பின்னால் நிற்பவருக்குக் கேட்கும் ஒலியும் கூட்டத்துக்குக் கேட்கும் ஒலியும் ஒன்றாக இருப்பதில்லை.

முதல் நாள் புதியது எப்போதும் இனிக்கும். விளிம்பு வேறிடத்தில் அமர்வதால் களைத்த பகுதிக்கு ஓய்வு கிடைக்கிறது, அவ்வளவுதான். நான்காம் நாள் அந்த இனிமை போய்விடலாம். திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கடைக்காரரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் மாற்றுவது

நம் எல்லைப் பகுதிக்கு இதில் நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. நமக்கு ஆடி, மலையாளிகளுக்குக் கர்க்கடகம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை இரு பக்கத்திலும் திருமணம் இல்லை. மழைக்காலமாதலால் உதடும் வெடிக்காது. மவுத்பீஸ் மாற்ற இதைவிட நல்ல மாதம் இல்லை. மாரியம்மன் விழாவுக்கு அழைப்பு வந்தால் முதல் மூன்று வாரத்தைத் தவிர்த்து ஒப்புக்கொள்ளுங்கள். தேவாலயக் குழுக்களுக்குத் தவக்காலமும் உண்டு. கத்தோலிக்கத் திருமணங்கள் அந்த நாற்பது நாளில் பொதுவாக நடப்பதில்லை.

மாற்றக் கூடாத காலம் டிசம்பரும் ஜனவரியும். கிறிஸ்துமஸ், அதைத் தொடர்ந்து திருச்சூர்ப் பக்கத்துத் தேவாலயங்களின் அம்புப் பெருநாள்கள் என்று அழைப்புகள் வரிசையாக வரும். போதாததற்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று உதட்டைக் காயவைத்து வெடிக்கச் செய்யும். அந்த நாட்களில் எந்த மவுத்பீஸும் குத்தத்தான் செய்யும். காற்றின் குற்றத்தை மவுத்பீஸ் மேல் போட்டுப் புதியது வாங்கிவிடாதீர்கள். இரவில் உதட்டில் நெய்யோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள், ஊதும் முன் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் இருந்தால் விளிம்பு வழுக்கும்.

நான்கு வாரப் பழக்கம்

விட்டம் மாறாமல் கிண்ணம் மட்டும் மாறினால் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி ஊதலாம். விட்டமே மாறினால் பழையதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே அலையும் உதடு எதிலும் நிலைக்காது.

முதல் வாரம் காலை பதினைந்து நிமிடம், மாலை பதினைந்து நிமிடம். நீண்ட சுரங்கள் மட்டும், மெதுவாக, கீழ் சி-க்கும் நடு ஜி-க்கும் இடையில். மேலே போக ஆசை வரும். போகாதீர்கள். இரண்டாம் வாரம் வழுக்கிச் செல்லும் பயிற்சியும் நாக்கால் வெட்டிப் பிரிக்கும் பயிற்சியும் சேரட்டும். இசைக்குறிப்பின் ஐந்து கோட்டுக்கு மேலிருக்கும் ஜி வரை போகலாம். மூன்றாம் வாரம் குழுவின் பாட்டுகளை உட்கார்ந்து ஊதுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எவ்வளவு நேரம் ஊதினீர்களோ அவ்வளவு நேரம் ஓய்வு கொடுங்கள். நான்காம் வாரம் வெளியே, நடந்துகொண்டு. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் மவுத்பீஸ் பல்லில் இடிக்கும். வாத்தியத்தை இடக்கையே தாங்கட்டும்; வலக்கைச் சுண்டுவிரலைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டால் உதட்டை நோக்கி இழுக்கும் அழுத்தம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும்.

நான்கு வாரம் முடிந்ததும் மறுபடி பதிவு செய்து கடையில் எடுத்த பதிவோடு ஒப்பிடுங்கள். ஒலியும் சுருதியும் பழையதைவிட நன்றாக இருந்தால் புதியதே இனி உங்களுடையது. இல்லாவிட்டால் தயங்காமல் பழையதற்குத் திரும்புங்கள். திரும்பவும் ஒரு வாரம் பொறுமை வேண்டும்.

புதிய மவுத்பீஸோடு முதல் நிகழ்ச்சிக்குப் போகும்போது சுருதியை மறுபடி சேருங்கள். கிண்ணம் மாறினால், சுருதி சேர்க்க இழுத்துத் தள்ளும் குழலான டியூனிங் ஸ்லைடு நிற்க வேண்டிய இடமும் மாறும். வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். குழலுக்குள் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். 100 சென்ட் ஓர் அரைச்சுரம். வாசிப்பவரின் மூச்சுச் சூடு குழலில் இருப்பதால் ஏற்றம் இதைவிடக் குறைவாகவே தெரியும் என்றாலும், காலை ஆறு மணிக்குச் சேர்த்த சுருதி ஏப்ரல் நண்பகலில் நிற்காது. கீபோர்டு உடன் வந்தால் அது அசையாது, நீங்கள்தான் ஸ்லைடை இழுக்க வேண்டும். ஆழமற்ற கிண்ணத்துக்கு மாறியிருந்தால் மேல் சுரங்களில் இன்னும் கவனம் தேவை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஐந்து நிமிடம் கீழ் சுரங்களை மிக மென்மையாக ஊதிவிட்டுப் பெட்டியை மூடுங்கள். மறுநாள் உதட்டின் வீக்கம் பெருமளவு குறையும். வாரம் ஒருமுறை மவுத்பீஸை வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் சிறிய பிரஷ் வைத்துக் கழுவித் துடையுங்கள். சாவிக் கொத்தோடு சட்டைப் பையில் போடாதீர்கள். கீழே விழுந்து தண்டின் நுனி நசுங்கினால் அதை வட்டமாக்கித் தரும் கருவி வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் இருக்கும். உள்ளே இறுகிக்கொண்டால் குறடு வைத்துத் திருக வேண்டாம். மவுத்பீஸைக் கழற்றுவதற்கென்றே உள்ள இழுகருவியும் அவரிடம் இருக்கும். குறடு போட்டால் மவுத்பீஸ் வருவதற்கு முன் அது செருகியிருக்கும் டிரம்பெட்டின் முன்குழல் முறுக்கிக்கொள்ளும்.